நெல் ரூமுக்கு ஒரு ஒயர்

நவரை நடவு முடிஞ்சு மூணு வாரம் ஆகுது. களை எடுக்க ஆள் கிடைக்காத கதையை எழுதலாம்னுதான் உக்காந்தேன். ஆனா ஒரு மாசமா என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கிறது வேற விஷயம். எங்க வீட்டுக் கூடத்துலேர்ந்து நெல் ரூம் வரைக்கும் ஒரு டிவி ஒயர் இழுத்தோம். இதுக்கு ஒரு பதிவான்னு சிரிக்காதீங்க. சென்னையில ஃப்ளாட் வாங்குறவங்களுக்குச் சுவத்துக்குள்ளயே பைப் வெச்சு ரூமுக்கு ரூம் டிவி பாயிண்ட் குடுத்துடறாங்க. எங்க வீடு 1979-ல கட்டினது. அப்போ எங்க தெருவுக்குக் கரெண்டே கிடையாது. சுவத்துக்குள்ள ஒயர் ஓடும்னு யாரு நெனைச்சா?

ஐப்பசி மழையில ஒரு நாள் காலையில நைனா (எங்க அப்பாவை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) மடை திறக்கப் போனவர் வரப்பு வழுக்கி விழுந்துட்டார். வயசு 79. இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. செங்கல்பட்டுல ஆபரேஷன் முடிஞ்சு, 18 நாள் கழிச்சு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தோம். வாக்கர் பிடிச்சு நாலு தப்படி நடப்பார். பத்து நிமிஷத்துக்கு மேல உக்கார முடியாது.

அவரை எங்க படுக்க வைக்கிறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. வழக்கமா அவர் படுக்கறது கூடத்துலதான், வாசப்படிக்குப் பக்கத்துல, ஒரு பெஞ்சு மேல. ஆனா கூடத்துல கட்டில் போட்டா வர்றவங்க போறவங்க கண்ணுல படும், பொண்ணு படிக்க இடமில்ல, பாத்ரூமும் பின்பக்கம் இருக்கு. அதனால நெல் ரூமைக் காலி பண்ணி அங்க கட்டில் போட்டோம். சம்பா மூட்டை அடுக்கறதுக்கு அவர் கட்டின ரூம் அது. காத்து வரும், பாத்ரூம் கிட்ட, சுத்தம் பண்ண வசதின்னு காரணம் எல்லாம் சொன்னோம். எல்லாமே உண்மைதான். ஆனா வாசனை வரும், விருந்தாளி வந்தா சங்கடம்னு நான் நெனைச்சதும் உண்மை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லல. நைனாவும் கேக்கல. “சரி, அங்கயே போடு”ன்னார்.

முதல் வாரம் ஒண்ணும் தெரியல. அப்புறம் அம்மாதான் சொன்னாங்க. “உங்க நைனா சாயந்திரம் ஆனா சொவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாருடா. கூப்பிட்டாலும் திரும்பறதில்ல.”

சாயந்திரம்தான் எங்க வீட்டுல கூடம் நிறைஞ்சிருக்கற நேரம். பால் ஊத்திட்டு வந்து ஏழு மணிக்கு நைனா செய்தி பார்ப்பார். வானிலை சொல்லும்போது யாரும் பேசக்கூடாது. அது முடிஞ்சா ரிமோட் அம்மா கைக்குப் போகும். அம்மா பார்க்கற சீரியலை எல்லாம் நைனா திட்டிக்கிட்டே கடைசி வரைக்கும் பார்ப்பார். “இவ ஏன் இன்னும் அந்த வூட்டுல கீறா, பொறந்த வூட்டுக்குப் போவ வேண்டியதுதானே”ன்னு கதாநாயகிக்கு யோசனை வேற சொல்லுவார். அந்தச் சத்தமெல்லாம் இப்பவும் கூடத்துல கேக்குது. அவருக்கு மட்டும் ஒன்றரைக் கல் சுவத்துக்கு அந்தப் பக்கம் மொத்தையா கேக்குது. காதும் ஒண்ணு மந்தம்.

“டிவி வேணுமா நைனா?”ன்னு கேட்டேன். “எனக்கு இன்னாத்துக்கு டிவி”ன்னார்.

இந்த வீட்டுக்கு டிவியைக் கொண்டுவந்ததே அவர்தான். மெட்ராஸ் தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975-ல. ஆனா எங்க ஊர்ப் பக்கம் அது வந்து சேர ரொம்ப நாள் ஆச்சு. எனக்கு நினைவு தெரிஞ்சப்போ பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு டிவி இருந்துச்சு. 1987, 88-ல ஞாயித்துக்கிழமை காலையில ராமாயணம் பார்க்க மாட்டைக்கூட அவிழ்க்காம அங்க போய் உக்காருவாங்க. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. கதை தெரியுமே, அது போதும். 1990-ல நைனா ஒரு போகம் வேர்க்கடலை வித்த காசுல கறுப்பு வெள்ளை டிவி வாங்கினார். செய்யாற்றங்கரை ஊர் எங்களுது. சென்னை சிக்னல் புடிக்கணும்னா ஆன்டெனாவை உசரத்துல வெக்கணும். ரெண்டு மூங்கிலை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கட்டி ஓட்டு மேல நிறுத்தினார். அங்கேருந்து பட்டை ஒயர் ஜன்னல் வழியா உள்ள வரும். காத்தடிச்சா ஆன்டெனா திரும்பிக்கும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரம் பார்த்துத்தான் காத்து அடிக்கும். நைனா ஓட்டு மேல ஏறி மூங்கிலைத் திருப்பிக்கிட்டே “தெரியுதா?”ன்னு கத்துவார். நான் கூடத்துலேர்ந்து “இல்ல... இல்ல... ஆங், தெரியுது! போச்சு!”ன்னு கத்துவேன். அந்த “போச்சு”வுக்குத் திட்டு எனக்குத்தான் விழும்.

அப்புறம் கேபிள் வந்துச்சு. 2006 தேர்தலுக்கு அப்புறம் அரசாங்கம் குடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி எங்களுக்கும் வந்துச்சு. 2011-ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்குக் கிடைச்சப்போ ஊரே மாறுச்சு. அந்தக் காலத்துல ரெண்டாவது ரூமுக்கு டிவி வேணும்னா ரொம்ப சுலபம். கேபிள்காரர் இழுத்து விட்ட ஒயர்ல ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டா போதும், ஒரு ஒயரு ரெண்டா பிரியும். ரெண்டு டிவியிலயும் வேற வேற சேனல் பார்க்கலாம். டிவியே சேனலைப் பிரிச்செடுக்கும்.

செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு அந்த வித்தை செல்லாது. இப்போ ஒயர்ல வர்றது பூட்டுப் போட்ட சரக்கு. பூட்டைத் திறக்கறது பாக்ஸ். ஸ்ப்ளிட்டர் போட்டு ரெண்டாவது டிவிக்குக் குடுத்தா படம் வராது. ரெண்டு டிவிக்கு ரெண்டு பாக்ஸ், ரெண்டு சந்தா. இல்லன்னா பாக்ஸ்லேர்ந்து வெளிய வர்ற படத்தை அப்படியே ஒயர் வழியா அடுத்த ரூமுக்குக் கொண்டுபோகணும். அப்போ ரெண்டு டிவியிலயும் ஒரே சேனல்தான் ஓடும்.

தாம்பரத்துல இருக்கற என் தங்கச்சி போன்ல சொன்னா, “இந்தக் காலத்துல ஒயர் எதுக்குண்ணா? ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் குடு. யூடியூப்ல எல்லாம் வருது.” வாங்கித் தரவும் தயாரா இருந்தா. என் போனை நைனா கையில குடுத்துப் பார்த்தோம். அவர் விரல் வெச்சா போனுக்குத் தெரியல. அறுபது வருஷம் மண்வெட்டி புடிச்ச விரல் நுனி மரம் மாதிரி கீது, கண்ணாடி அதை விரல்னே ஒத்துக்கல. எச்சி தொட்டு வெச்சா பத்து தடவைக்கு ரெண்டு தடவை ஒத்துக்குது. நெல் ரூம்ல டவரும் ஒரு கோடுதான். அதெல்லாம் சரி பண்ணிடலாம்னே வெச்சுக்குங்க. அவருக்கு வேணுங்கறது அது இல்லன்னு எனக்குத் தோணுச்சு. போன்ல அவர் ஒரு படம் பார்ப்பார், கூடத்துல நாங்க வேற ஒண்ணு பார்ப்போம். அம்மா சிரிச்சா எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு அவருக்குத் தெரியாது. அதனாலதான் ரெண்டாவது பாக்ஸும் வேணாம்னு முடிவு பண்ணேன். சந்தா காசு மிச்சம்னு வீட்டுல சொன்னேன். அதுவும் ஒரு காரணம்தான், பொய் இல்ல.

தங்கச்சி வீட்டுல சும்மா கிடந்த 24 அங்குல எல்இடி டிவி ஒண்ணு வந்து சேர்ந்துச்சு. இனி ஒயர்தான்.

இங்கதான் நான் காசைக் கரியாக்கினேன். கூடத்து டிவி வாசல் பக்கச் சுவர்ல கீது. நெல் ரூம் கூடத்துக்கு அந்தப் பக்கம். நடுச் சுவத்தைத் துளைச்சுப் போனா 14 மீட்டர் ஒயர் போதும். ஆனா சுவத்தைத் தொடறேன்னு சொன்னதும் நைனா முகம் மாறிடுச்சு. “அந்தச் சொவுத்துல கைய வெக்காத.” சரின்னு கதவு வழியா சுத்தி எடுத்துக்கலாம்னு அளந்தேன். கூடத்துக் கதவுக்கு மேல ஏறி, நடையில இறங்கி, சமையக்கட்டு வாசலைச் சுத்தி நெல் ரூம் கதவு வழியா உள்ள வரணும். 20 மீட்டர். காஞ்சிபுரத்துல ஒரு கடையில 20 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் கேட்டேன். “ஒண்ணும் ஆவாது சார், எடுத்துட்டுப் போங்க”ன்னு குடுத்துட்டார். பாக்ஸ்ல இருக்கறது ஒரே எச்டிஎம்ஐ ஓட்டை. அதை ரெண்டாப் பிரிக்க ஒரு சின்னப் பெட்டி தனி.

ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க பிளாஸ்டிக் பட்டி அடிச்சு ஒயரை ஓட்டினேன். மாட்டினா, படம் வந்துச்சு. கையெடுத்துக் கும்பிடாத குறை. அஞ்சு நிமிஷத்துல படத்துல பொரி கொட்டின மாதிரி வெள்ளைப் புள்ளி. அப்புறம் கறுப்பு. அப்புறம் படம். மறுபடியும் கறுப்பு. செய்தி வாசிக்கிறவர் வாயைத் திறப்பார், மூடறதுக்குள்ள போயிடுவார். நைனா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, “நிறுத்திட்றா, கண்ணு வலிக்குது”ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டார். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

எங்க தெரு எலக்ட்ரீஷியன் தம்பிகிட்ட சொன்னேன். அவன் வந்து பார்த்துட்டுச் சிரிச்சான். “அண்ணா, எச்டிஎம்ஐ பக்கத்துல இருக்கற டிவிக்குத்தான். சாதா கேபிள் பத்து மீட்டர் தாண்டினாலே சந்தேகம். அதுக்கு மேல போவணும்னா நெட்வொர்க் ஒயர் இழுத்து ரெண்டு பக்கமும் ஒரு டப்பா மாட்டணும். அந்த டப்பாவுக்குக் காசு கூட.” சொல்லிட்டு செட்டாப் பாக்ஸைத் திருப்பிப் பின்னாடி காட்டினான். “இது எதுக்குன்னு தெரியுமா?” மஞ்ச, சிவப்பு, வெள்ளைன்னு மூணு வட்ட ஓட்டை. தூசு படிஞ்சு கிடந்துச்சு. பழைய ஏவி. மஞ்சள்ல படம், சிவப்பு வெள்ளையில சத்தம். எங்க பாக்ஸ்ல எச்டிஎம்ஐ வேலை செய்யும்போதே இந்த மூணும் சேர்ந்து வேலை செய்யுது. கூடத்து டிவிக்கு எச்டிஎம்ஐ, நைனா டிவிக்கு ஏவி. நடுவுல பிரிக்கற பெட்டியே வேணாம். ரெண்டும் தனித்தனி வாசல்.

“படம் கொஞ்சம் மங்கலா இருக்குமே?”ன்னேன். “ஆமா, பழைய தூர்தர்ஷன் மாதிரிதான். ஆனா பதினஞ்சு மீட்டர் என்ன, அதுக்கு மேலயே போகும். தூரம் ஏற ஏற லேசா மங்கும், பொட்டுன்னு போயிடாது.” டிஜிட்டலுக்கும் பழசுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. ஒண்ணு முழுசா நிக்கும், இல்ல விழுந்துடும். இன்னொண்ணு நொண்டிக்கிட்டே வந்து சேரும்.

அவன்கிட்ட ஒரு ரைஸ் மில்லுல கேமரா மாட்டின வேலையில மீந்த ஒயர் இருந்துச்சு. சிசிடிவி ‘த்ரீ பிளஸ் ஒன்’ன்னு கடையில கேட்டா குடுப்பாங்க. ஒரே உறைக்குள்ள படத்துக்கு ஒரு கோஆக்ஸ் ஒயர், கூடவே மூணு சின்ன ஒயர். இன்னொரு வசதி, நுனியில பின் மாட்டாமயே ஓட்டைக்குள்ள நுழைச்சுட்டு அந்தப் பக்கம் போய் மாட்டிக்கலாம். எச்டிஎம்ஐக்கு அது முடியாது. அதோட தலை ரெண்டு விரல் அகலம், ஓட்டையும் அந்த அகலத்துக்குப் போடணும்.

ஆனா அவனும் சொன்னான், கதவைச் சுத்தி வேணாம், நடையில ஓடற கரெண்ட் ஒயரோட ஒட்டியே பத்து மீட்டர் போகுது, படத்துல கோடு கோடா வரும்னு. நடுச் சுவர்தான் வழி.

நைனா கட்டில் பக்கத்துல போய் உக்காந்து விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டார். “எங்க துளைக்கறான்?” நான் கை காட்டினேன், சுவத்துக்கு நடுவுல, ஆள் உசரத்துல.

“அங்கியா? அறிவு கீதா உனக்கு? அதுக்கு நேர் மேலதான்டா உத்தரம் உக்காந்துன்னு கீது.”

அவர் கோவம் சுவத்துல ஓட்டை போடறதுக்கு இல்லன்னு அப்போதான் தெரிஞ்சுது. எங்க போடணும்னு தெரியாதவன் போடறான்னுதான் கோவம். அந்தச் சுவர் சிமெண்டுல கட்டினது கிடையாது. எங்க களிமண் துண்டுல அறுத்து, அங்கேயே சூளை போட்டுச் சுட்ட கல்லு. மண் சாந்துல கட்டி மேல சுண்ணாம்பு பூசினது. மணல் செய்யாத்துலேர்ந்து மாட்டு வண்டியில அவரே ஓட்டிக்கிட்டு வந்தது. கூடத்துப் பனங்கட்டை உத்தரத்தோட ஒரு முனை அந்தச் சுவர் மேல நிக்குது. அதுக்குக் கீழ மெஷினை வெச்சு அதிர வெச்சா மண் சாந்து உதிரும், கல்லு தளரும். நானும் எலக்ட்ரீஷியனும் இதை யோசிக்கவே இல்ல. சுவர்னா சுவர்னு நெனைச்சோம்.

“எங்க போடணும்னு நீயே சொல்லு நைனா.”

படுத்தபடியே கழுத்தைத் திருப்பி அந்தச் சுவத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். “மூலையிலேர்ந்து மூணு முழம் வா. தரையிலேர்ந்து நெஞ்சு உசரம். அங்க தட்டு.” தட்டினேன். டொக் டொக்குன்னு கல்லுச் சத்தம். “இன்னும் ஒரு சாண் இப்பால.” தட்டினேன். சத்தம் மாறுச்சு. பானையைத் தட்டின மாதிரி.

“அதான் மாடம்.”

விளக்கு மாடம். கரெண்ட் இல்லாத காலத்துல அகல் வெக்கறதுக்குச் சுவத்துல விட்ட குழி. 1984-ல எங்க வீட்டுக்குக் கரெண்ட் வந்தப்போ எலியும் பாச்சையும் அடையுதுன்னு ஒத்தைக் கல்லை நிறுத்தி வெச்சு மூடிப் பூசிட்டாங்களாம். எனக்கு அந்த மாடமே நினைவில்ல. அந்த ரூம்ல நாற்பது வருஷமா மூட்டை அடுக்கியிருக்கேன்.

எலக்ட்ரீஷியனுக்கு ஒரே சந்தோஷம். சுவர் கனம் பதினாலு அங்குலம். மாடம் ஒம்போது அங்குலம் ஆழம். மிச்சம் துளைக்கறதுக்கு ஒரு அரைக் கல்லுதான். மூடின கல்லை உளியால மெதுவா பேத்தெடுத்தோம். உள்ள வெறும் இருட்டு, கொஞ்சம் எலிப் புழுக்கை. மேல் பக்கம் மட்டும் கன்னங்கரேல்னு புகை படிஞ்சு கிடந்துச்சு. விரல்ல தொட்டா கரி ஒட்டுது. என் பொண்ணு அதைத் தொட்டுட்டு ஓடிப்போய்த் தாத்தாகிட்ட காட்டினா. அவர் அந்த விரலைப் புடிச்சுப் பார்த்துட்டு, “எங்கம்மா வெச்ச விளக்கு”ன்னார். அப்புறம் உடனே, “கைய வெச்சிட்டுப் போயி மூஞ்சியில தடவிக்காத”ன்னும் சொன்னார்.

பழைய வீட்டுல இந்த மாதிரி வேலை பண்ணப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லிடறேன். மண் சாந்துச் சுவத்துக்கு சுத்தியல் அடிக்கிற டிரில்லிங் கூடாது. அந்த ஸ்விட்சை அணைச்சுட்டு வெறும் சுத்துலயே பொறுமையா துளைக்கணும். ஒரே பக்கத்துலேர்ந்து முட்டித் தள்ளினா அந்தப் பக்கம் தட்டளவு பூச்சு பேந்து விழும், அதனால ரெண்டு பக்கமும் அளந்து பாதிப் பாதி வரணும். மெயினை அணைச்சுட்டுத்தான் கை வெக்கணும். துளை போட்ட பிறகு ஒரு பைப் துண்டைச் சொருகி அதுக்குள்ள ஒயரை விட்டா, நாளைக்கு ஒயரை மாத்த சுவத்தைத் தொட வேணாம். பைப்புக்குள்ள ஒரு நைலான் கயிறையும் சும்மா விட்டு வெச்சோம், வேற ஒயர் இழுக்கணும்னா உதவும்னு. பைப் வாயில இரும்புத் துருவலைத் திணிச்சோம். எங்க ஊர் எலிக்கு ஒயர்னா வெல்லம்.

வேலை நடந்த ரெண்டு மணி நேரமும் நைனா முதுகுக்குத் தலைகாணி வெச்சு சாஞ்சு உக்காந்திருந்தார். பத்து நிமிஷத்துக்கு மேல முடியாதவர். வலி இருந்திருக்கும். “டேய், மெதுவா”, “தண்ணி தெளி, புழுதி கெளம்புது”, “அளவு பார்த்தியா?”ன்னு அதிகாரம் ஓயல. எலக்ட்ரீஷியன் “சரிங்க தாத்தா, சரிங்க தாத்தா”ன்னு சொல்லிக்கிட்டே அவன் இஷ்டத்துக்குத்தான் பண்ணான். ஆனா மாடத்து விஷயத்துக்குப் பிறகு ரெண்டு தடவை அவனே திரும்பிக் கேட்டான், “தாத்தா, இங்க உள்ள என்ன கீது?”ன்னு.

பின் எல்லாம் மாட்டி முடிச்சதும் நான் கூடத்துல பாக்ஸுக்குப் பின்னாடி குனிஞ்சு நின்னேன். மஞ்சளைச் சொருகிட்டுக் கத்தினேன்.

“தெரியுதா?”

உள்ளேருந்து சத்தம் வந்துச்சு. “இல்ல.”

அழுத்திச் சொருகினேன். “இப்போ?”

“இல்ல... இல்ல... ஆங், தெரியுது!”

ஒரு வினாடி கழிச்சு, “போச்சு!”

போகல. படம் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு என் பொண்ணு ஓடி வந்து சொன்னா. தாத்தா சும்மா சொன்னாராம்.

சத்தத்துல லேசா ஒரு ‘உர்ர்’ கீது. சத்தத்துக்குன்னு உறை போட்ட ஒயர் தனியா இழுத்திருந்தா அது வந்திருக்காது. நைனா காதுக்கு அது கேக்கறதில்ல, நாங்களும் விட்டுட்டோம். அவர் டிவியில சத்தத்தை அவர் கூட்டி வெச்சுக்கலாம்கறதுல கூடத்துக்கும் ஒரு லாபம். இத்தனை வருஷமா அவர் காதுக்காக நாங்க எல்லாரும் கத்தற டிவி முன்னாடிதான் உக்காந்திருந்தோம்.

சண்டை ரிமோட்டுல வந்துச்சு. பாக்ஸ் கூடத்துல, அதோட ரிமோட்டும் கூடத்துல. ஏழு மணி ஆனா உள்ளேருந்து “செய்தி வைய்யி!”ன்னு குரல் வரும். அம்மாவுக்கு இப்போ பழக்கம் மாறிப்போச்சு, அவர் கூடத்துல இல்லாத ரெண்டு மாசத்துல ஏழு மணிக்கும் ஒரு சீரியல் புடிச்சு வெச்சிருந்தாங்க. “கொஞ்சம் இருங்க, விளம்பரம் வரட்டும்.” விளம்பரம் வரும்போது வானிலை முடிஞ்சிருக்கும். மூணு நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாவது நாள் என் பொண்ணைக் கூப்பிட்டு, ஒரு தடவை சேனல் மாத்தினா ரெண்டு ரூபாய்னு கூலி பேசிட்டார். வீடு ரெண்டு பட்டுப் போச்சு.

எலக்ட்ரீஷியன்தான் தீர்த்து வெச்சான். ரிமோட்டோட வெளிச்சம் சுவத்தைத் தாண்டாது. ஆனா அதுக்கும் ஒரு சின்னக் கண்ணு விக்குது. நைனா டிவி பக்கத்துல அந்தக் கண்ணை ஒட்டி, த்ரீ பிளஸ் ஒன்ல மீந்த ரெண்டு ஒயர் வழியா கூடத்துக்கு இழுத்து, நுனியில ஒரு குட்டி பல்பை பாக்ஸ் முகத்துக்கு நேரா ஒட்டினான். இன்னொரு ரிமோட் வாங்கி நைனாகிட்ட குடுத்தாச்சு. அந்தப் பட்டன் ரப்பர் பட்டன், அவர் விரலை ஒத்துக்குது. இப்போ என்ன ஆச்சுன்னா, அம்மா சீரியல்ல மூழ்கிக் கிடக்கும்போது படம் தானா செய்திக்கு மாறும். அம்மா திரும்ப மாத்துவாங்க. அவர் மறுபடியும் மாத்துவார். சுவத்துக்கு ரெண்டு பக்கமும் இருந்து ரெண்டு பேரும் கத்திக்குவாங்க. என் வீட்டுக்காரி, “மாமா இங்க படுத்திருந்தப்போகூட இவ்ளோ சத்தம் இல்ல”ங்கறா.

அவரைக் கூடத்துக்கே கொண்டுவந்துட்டா ஒயரே வேணாமேன்னு உங்கள்ல யாராவது கேப்பீங்க. நானும் கேட்டேன், தை மாசக் கடைசியில, அவர்கிட்டயே. பெஞ்சை எடுத்துட்டு அங்கயே கட்டில் போட்டுடறேன்னு சொன்னேன். “வேணாம், இங்க பாத்ரூம் கிட்ட கீது”ன்னார். நான் மூணு மாசம் முன்னாடி சொன்ன அதே காரணம். அதுக்கு மேல எனக்குப் பேச வாய் வரல.

மாடத்தைத் திரும்ப மூடல. ஒயர் அது வழியாத்தான் வருது, அடியில ஒரு ஓரமா. மிச்ச இடத்துல அவர் கண்ணாடி, மாத்திரை டப்பா, ரிமோட். கை நீட்டினா எட்டறதில்ல, வாக்கரைப் புடிச்சு நாலு தப்படி நடந்துதான் எடுக்கணும். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை நடக்கறார். அங்க வைக்காதீங்கன்னு அம்மா சொல்றாங்க. நான் எதுவும் சொல்லல.

நேத்து ராத்திரி பால் கணக்கு எழுதிக்கிட்டு இருந்தப்போ கூப்பிட்டார். பைப்புக்குள்ள விட்ட நைலான் கயிறு நுனி மாடத்துல தொங்கிக்கிட்டு இருக்கே, அது எதுக்குன்னு கேட்டார். வேற ஒயர் இழுக்கணும்னா உதவும்னு சொன்னேன்.

“வெள்ளச்சி நெற மாசமா கீறா. நீ ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போயி லைட் அடிச்சுப் பார்த்துட்டு வர. கொட்டாயில ஒரு கேமரா மாட்டினா இதுல தெரியுமா?”

தெரியும். டிவிக்குப் பின்னாடி இன்னொரு ஏவி ஓட்டை சும்மாதான் கீது. பழைய மாதிரி கேமரா ஒண்ணு, அதே த்ரீ பிளஸ் ஒன் ஒயர், அவ்ளோதான். இன்னிக்குக் காலையில அளந்து பார்த்தேன். கொட்டாய்லேர்ந்து கூடத்துச் சுவர் வழியா மாடம் வரைக்கும் 22 மீட்டர் வருது. வெளிய ஓடற ஒயர், இடி மின்னல் விழற இடம், பைப்புக்குள்ளதான் விடணும். எலக்ட்ரீஷியன் ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கான். கொட்டாய்ச் சுவத்துல எங்க துளைக்கறதுன்னு நைனா இப்பவே சொல்லிட்டார்.